மாதேஸ்வரன் கல்

லிங்கப்பன் மேஸ்திரியின் கூட்டத்தில் சித்தாளுக்கு ஒரு நடைக்குப் பன்னிரண்டு செங்கல் என்பது கணக்கு. தலையில் ஏறுவது பதின்மூன்று. பன்னிரண்டை அடுக்கி முடித்ததும், ஏற்றிவிடுகிறவன் இன்னொன்றை எடுத்து உச்சியில் வைத்து, "மாதேஸ்வரனுக்கு" என்பான். மாதேஸ்வரன் மலைப்பக்கம் ஹனூரிலிருந்தும் கோபிநத்தத்திலிருந்தும் மைசூருக்கு வேலைக்கு வந்த சனம். மலை மாதேஸ்வரன் பேரைச் சொல்லி வைத்த கல்லை யார் வேண்டாம் என்பது? அந்தக் கல்லைச் சாமி எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. எல்லாம் சுவரில்தான் போய்ச் சேர்ந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. யாரும் "கனமா இருக்குது" என்று சொல்வதில்லை. இதை யாரும் சட்டமாகப் போடவில்லை. மாரக்காள் ஒரு நாள் மூன்றாவது மாடிப் படியில் நின்று, "இன்னிக்கு என்னமோ கனமாத் தெரியுதுங்" என்றாள். அவ்வளவுதான். அதற்கப்புறம் அவள் பேரே 'கனம்' ஆகிவிட்டது. "கனம் வருது, வழி உடுங்க." "கனத்துக்கு ஒரு டீ." மேஸ்திரி காலையில் தகரக் கொட்டகை முன்னால் நின்று வேலைக்குப் பேர் கூப்பிடும்போது மாரக்காள் பேரைக் கூப்பிட மறந்துபோனார். மறுநாளும் மறந்தார். இப்போது மாரக்காள் ஹனூர் பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறாள்.

ஆகவே ஜோதிமணி தன் கழுத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

வயது முப்பத்தொன்பது. பதினேழு வருஷம் தலையில் சுமந்தவள். தைமாதம் வலது கையில் மூன்று விரல் மரத்துப்போய், தண்ணீர்ச் சொம்பு நழுவி விழுந்ததும் பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டர் எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு நேராகப் பிடித்துக் கன்னடத்தில் சொன்னார்: கழுத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இனிமேல் தலையில் ஒரு குடம் தண்ணீர்கூட ஏற்றக் கூடாது, ஏற்றினால் கை போய்விடும். ஜோதிமணி தலையாட்டினாள். படத்தைக் கொண்டுவந்து கொட்டகையில் பாய்க்கு அடியில் வைத்தாள். மறுநாள் காலை பதின்மூன்று கல்லை ஏற்றிக்கொண்டாள்.

அந்த நேரத்தில்தான் சிக்னல் வேலை வந்தது.

மைசூரு விஜயநகரில் அவர்கள் கட்டிக்கொண்டிருந்தது ஏழு மாடி. கல்லையும் கலவையையும் மேலே இழுக்க ஒரு லிஃப்ட் மிஷின் வைத்திருந்தார்கள். இதே கம்பெனியின் வேறொரு கட்டடத்தில் அளவுக்கு மேல் ஏற்றி, கம்பி அறுந்து, சுமை வைக்கிற தட்டு கீழே வந்தது. அன்றைக்கு எல்லோரும் டீ குடிக்கப் போயிருந்ததால் செத்தது ஒரு சைக்கிள் மட்டும். அதற்கப்புறம் கம்பெனி உத்தரவு போட்டது: தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிக்னல் ஆள் நிற்க வேண்டும். பாரம் சரியா, கூடுதலா என்று பார்த்து வாக்கி டாக்கியில் சொல்ல வேண்டும். மிஷின் ஓட்டுகிறவன் பீகார், மேலே நிற்கிற இன்ஜினியர் ஒடிசா. அதனால் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். மாதச் சம்பளம், பி.எஃப்., பச்சை ஜாக்கெட், விசில். தலையில் ஒன்றும் ஏற்ற வேண்டாம்.

கடைசிச் சங்கதியைத் தவிர வேறெதுவும் ஜோதிமணி காதில் விழவில்லை. பேர் கொடுத்தாள். அவளோடு கல் ஏற்றிவிடுகிற தொட்டையன், சித்தாள் பூவாத்தாள், இன்னும் இரண்டு பேர்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கக் கம்பெனி ரக்ஷாவை அனுப்பியது. இருபத்துமூன்று வயது. மேல்கோட்டைப் பக்கத்துப் பூர்வீகம், கன்னடம் கலந்த தமிழ், நாலு தெரு தள்ளி வீடு. ஸ்கூட்டரில் வந்து, சிமெண்டுக் குடோனில் மூட்டைகளை ஒதுக்கி, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு மணி நேரம் பாடம் எடுத்தாள். கையில் படம் போட்ட அட்டைகள்.

முதல் அட்டையில் ஒரு பெட்டி, பக்கத்தில் வேர்த்துப்போன ஓர் ஆள்.

"த பாக்ஸ் ஈஸ் டூ ஹெவி டு லிஃப்ட். பெட்டி தூக்க முடியாத அளவுக்குக் கனம். எல்லாரும் சொல்லுங்கோ."



"எத்தனை கிலோங் மேடம்?" என்றான் தொட்டையன்.

"கிலோ ஏதும் இல்லை. சும்மா ஒரு பெட்டி."

"கிலோ தெரியாம எப்படீங் முடியாதுங்கறது? இவன் தூக்கிப் பாத்தானா?"

"பாத்துட்டான். முடியலை."

தொட்டையன் அட்டையை வாங்கி உற்றுப் பார்த்தான். "தொப்பையப் பாருங். ஆபீஸ் ஆளு. இவனால முடியலேன்னா பெட்டி மேல எதுக்குங் பழி?"

ரக்ஷா அடுத்த அட்டையை எடுத்தாள். டீ குடிக்க முடியாத அளவுக்குச் சூடு. ஆற்றிக் குடிக்க வேண்டியதுதானே என்றார்கள். சுவர் ஏற முடியாத அளவுக்கு உயரம். சாரம் கட்டினால் ஏறலாம் என்றார்கள். கிழவர் வேலை செய்ய முடியாத அளவுக்கு வயதானவர் என்றதும் பூவாத்தாளுக்குக் கோபமே வந்துவிட்டது.

"எங்க மாமனாருக்கு எழுவத்தாறுங் மேடம். போன வாரம் கெணத்துல எறங்கித் தூரெடுத்தாரு. ஊட்டுல கெடங்கன்னாக் கேக்கறாரா? உங்க படத்துல இருக்கறவரு ஆரு, எந்த ஊரு?"

"ஐயோ, இது பாடம்மா. நெஜமில்லை."

"நெஜமில்லாததை எதுக்குங் படிக்கறது?"

அந்த வாரம் முழுவதும் எதிர்ப்பில்லாமல் நிறைவேறிய வாக்கியம் ஒன்றே ஒன்று: வீ டோன்ட் ஹேவ் இனஃப் மணி. அதை ரக்ஷா ஒரு தடவைதான் சொன்னாள். ஐந்து பேரும் கோயிலில் கோவிந்தா போடுவதுபோல ஒரே குரலில் திருப்பிச் சொன்னார்கள்.

இரண்டாவது வாரம் அவள் அட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தாள்.

"ஸ்வல்ப, கொஞ்சம் இங்க பாருங்கோ. இது அளவு. கோட்டைத் தாண்டிட்டா டூ. கோடு வரைக்கும் வந்துட்டா இனஃப். கீழயே நின்னுட்டா நாட் இனஃப். டூ முன்னாடி வரும், டூ ஹெவி. இனஃப் பின்னாடி வரும், ஸ்ட்ராங் இனஃப். எண்ண முடிஞ்சா மெனி, முடியலேன்னா மச்."

"கல்லுன்னா மெனி, மணலுன்னா மச்சு," என்றாள் ஜோதிமணி.

"கரெக்ட்! டூ மெனி பிரிக்ஸ். டூ மச் சாண்ட்."

பாதி இலக்கணம் அந்த நிமிஷத்தில் ஏறிவிட்டது. கல்லை எண்ணுகிறதும் மணலைக் கூடையால் அளக்கிறதும் அவர்களுக்குப் புதிதா என்ன? தொட்டையன் மட்டும் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கோட்டை ஆருங் மேடம் போடறது?"

"அதான், நான் போட்டேனே."

"இல்லீங். நெஜத்துல. பன்னண்டுன்னு மேஸ்திரி போட்டாரு. பதிமூணாவது சாமி போட்டுது. தூக்கறவன் எங்க போடறது?"

ரக்ஷா சாக்பீஸைக் கையில் உருட்டினாள். அடுத்த வாக்கியத்துக்குப் போனாள்.

மூன்றாவது வாரம் ஜோதிமணிதான் முதல். எதைக் காட்டினாலும் சொன்னாள். ரோப் ஈஸ் நாட் ஸ்ட்ராங் இனஃப். டூ மச் வாட்டர். ஒன்றில் மட்டும் இடறினாள்.

"இட் ஈஸ் டூ ஹெவி ஃபார் மீ. சொல்லுங்கோ."

"இட் ஈஸ் டூ ஹெவி ஃபார் தொட்டையன்."

"டேய், கேட்டியாடா!" என்று பூவாத்தாள் சிரித்தாள்.

"எனக்கெல்லாம் கனமில்லீங் மேடம், அந்தக்கா பொய் சொல்லுது," என்று தொட்டையன் எழுந்தே விட்டான்.

"ஃபார் மீ, ஜோதிமணி. மீ-ன்னா நீங்க."

"தெரியுதுங் மேடம். தெரிஞ்சுதான் சொல்லலே."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. முற்றத்தில் வைத்தார்கள். டீ நேரமும் அதுவே என்பதால் மொத்தக் கூட்டமும் டம்ளரோடு சுற்றி நின்றது. மேஸ்திரி முன்வரிசை. பரீட்சை வைக்க வந்தவர் போபால்காரர், சேஃப்டி இன்ஜினியர். இருபத்தாறு வயது இருக்கும். ஜிம்முக்குப் போகிற கை, இறுக்கமான சட்டை. எல்லோரும் சேஃப்டி சார் என்றுதான் கூப்பிட்டார்கள். ரக்ஷா பக்கத்தில் நின்றாள்.

தட்டில் கல்லை வைத்துக் காட்டிக் கேட்ட கேள்விகளில் ஐவரும் தேறினார்கள். கடைசிக் கேள்விக்கு ஒரு சிமெண்டு மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். ஐம்பது கிலோ. "கேன் யூ லிஃப்ட் திஸ் அலோன்?"

கம்பெனி விதிப்படி இருபத்தைந்து கிலோவுக்கு மேல் தனியாள் தூக்கக் கூடாது. இட் ஈஸ் டூ ஹெவி ஃபார் மீ என்பது சரியான விடை; தப்பினால் வேலை கிடையாது. மூன்று வாரமாக ரக்ஷா இதைத்தான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள்.

"யெஸ் சார்!" என்ற தொட்டையன், கேட்டு முடிப்பதற்குள் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டான். அதோடு விடவில்லை. முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "ஒன் மோர், சார்?" என்றான். கூட்டம் விசிலடித்தது. சார் பூஜ்யம் போட்டார். அடுத்த இரண்டு பேரும் தூக்கினார்கள், பூஜ்யம். பூவாத்தாள் தூக்கினாள், பூஜ்யம். மேஸ்திரி ஒவ்வொருவருக்கும், "சபாஷ்" என்றார்.

ஜோதிமணி வந்து மூட்டைக்கு முன்னால் நின்றாள். வலது கையில் மூன்று விரல் மரத்திருந்தது. விடை தெரியும். நாலே வார்த்தை, அப்புறம் ஃபார் மீ. எதிரில் மேஸ்திரி டீயை உறிஞ்சிக்கொண்டு பார்த்தார். அவருக்குப் பின்னால் காலையில் பேர் கூப்பிடுகிற இடம்.

"இட் ஈஸ் டூ ஹெவி," என்றாள்.

ரக்ஷா ஓர் அடி முன்னால் வந்தாள்.

"ஃபார்?" என்றார் சார்.

"ஃபார்..." யாரோ கூட்டத்தில் மெதுவாக, "கனம்" என்றார்கள். "...ஃபார் யூ, சார்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஜோதிமணி குனிந்தாள். சும்மாட்டைச் சரிசெய்து, மூட்டையை முழங்காலுக்கு ஏற்றி, அங்கிருந்து தலைக்கு ஏற்றி நிமிர்ந்தாள். கழுத்திலிருந்து விரல் நுனிவரை கரண்டு அடித்ததுபோல ஓடியது. பல்லைக் கடித்துக்கொண்டு, "லைட் இனஃப்," என்றாள்.

சார் ஐந்தாவது பூஜ்யத்தைப் போட்டார்.

அவள் மூட்டையை இறக்கியபோது அவர் கத்திக்கொண்டிருந்தார். பாதி இங்கிலீஷ், பாதி இந்தி. இந்தக் கூட்டத்தில் ஒருத்தருக்கும் மூளையில்லை, பெங்களூரிலிருந்து ஆள் கொண்டுவருகிறேன், இதைத் தூக்குவது என்ன பெரிய வீரமா, எவன் வேண்டுமானாலும் தூக்குவான் என்று ரக்ஷா சுருக்கி மொழிபெயர்த்தாள். எவன் வேண்டுமானாலும் என்றபோது அவர் எழுதுகிற அட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு மூட்டையைப் பிடித்துவிட்டார்.

ஜிம்மில் இரும்புக்குப் பிடி இருக்கும். சிமெண்டு மூட்டைக்குப் பிடி கிடையாது. இடுப்பு வரைக்கும் வந்தது. அப்புறம் ஒரு சத்தம் கேட்டது. மூட்டை விழுந்த சத்தம் அப்புறம்தான் கேட்டது, இது அவர் இடுப்பில். சார் பாதி குனிந்தபடி அப்படியே நின்றார்.

"சார், கனமாங்?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டான் தொட்டையன்.

"நோ, நோ. ஃபைன்," என்றார் சார், தரையைப் பார்த்து.

குனிந்த வாக்கிலேயே குடோனை நோக்கி நடந்தார். கீழே விழுந்த காசைத் தேடுகிறவர் மாதிரி இருந்தது நடை. வாசலில் கூட்டம் பார்க்கிறதா என்று திரும்பப் பார்த்தார், திரும்ப முடியவில்லை. "ஃபைவ் மினிட்ஸ். ஐ ஆம் ஃபைன்."

உள்ளே ஜோதிமணியும் ரக்ஷாவும் போனார்கள். சார் சிமெண்டு மூட்டைகளின்மேல் குப்புறக் கிடந்தார். ஆட்டோ கூப்பிடட்டுமா என்றாள் ரக்ஷா. வேண்டாம், ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரி? ஒன்றுமில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டிருந்தது.

ஜோதிமணி மடியிலிருந்து தைலப் புட்டியை எடுத்தாள். கழுத்துக்காக இரண்டு மாதமாக மறைத்துவைத்திருந்த புட்டி. பாதிதான் இருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கே என்னவோ போலாகிவிட்டது.

"சார், சொல்லிப்போடுங்க," என்றாள். "இட் ஈஸ் டூ ஹெவி ஃபார் மீ."

"ஐ ஆம் ஃபைன்."

"நானும் ஃபைனுன்னுதான் சொல்லிட்டிருந்தேன். பாருங்க." மரத்த மூன்று விரலையும் அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவை ஒழுங்காக விரியவில்லை. "கழுத்து, சார். நெக். போன் பினிஷ். டாக்டர் ஒரு கொடம் தண்ணி கூடாதுன்னுட்டாரு. இட் ஈஸ் டூ ஹெவி ஃபார் மீ, சார். ஃபார் மீ."

ரக்ஷாவின் கண் வாசலுக்குப் போனது. ஜோதிமணி திரும்பினாள். லிங்கப்பன் மேஸ்திரி டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. கழுத்தும் குடமும் தமிழ்.

மூட்டைகளின் மேலிருந்து ஒரு சின்னக் குரல்.

"டூ ஹெவி," என்றார் சார். "ஃபார் மீ ஆல்ஸோ."

மேஸ்திரி ஜோதிமணியைப் பார்த்தார். "ஏம்மணி, எத்தனை நாளா?"

"தையிலிருந்துங்."

"பதிமூணு தூக்கிட்டிருந்தியே."

"நீங்க பன்னண்டு போதுமுன்னு சொல்லியிருந்தா பன்னண்டு தூக்கியிருப்பேனுங்."

மேஸ்திரி டம்ளரில் மிச்சமிருந்ததைக் கீழே ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

சார் ரக்ஷாவிடமிருந்து அட்டையை வாங்கி, படுத்தபடியே ஐந்தாவது பூஜ்யத்தை அடித்துவிட்டுப் பத்து போட்டார். தூக்கக் கூடாததைத் தூக்கியது மேலே தெரிந்தால் முதலில் அவர் வேலைதான் போகும். ஆகையால் ரிப்போர்ட்டில் படியில் வழுக்கியதாக எழுதினார். ஜோதிமணி தேறியது வாக்கியத்துக்கா, வாயைத் திறக்காமல் இருப்பதற்கா என்று கொட்டகையில் இரண்டு கட்சி உண்டு. ஜோதிமணியைக் கேட்டால் இரண்டும் இனஃப் என்பாள்.

திங்கட்கிழமை காலை மேஸ்திரி பேர் கூப்பிட்டார். ஜோதிமணி பேரைக் கூப்பிடவில்லை. அவள் அங்கே நிற்கவும் இல்லை. பச்சை ஜாக்கெட்டும் விசிலுமாகத் தட்டுக்குப் பக்கத்தில் நின்றாள். தட்டின் பக்கவாட்டில் பெயிண்டால் எழுதியிருந்தது: நூறு கல்.

தொட்டையன் நூறை அடுக்கினான். அப்புறம் வழக்கம்போல இன்னொன்றை எடுத்து மேலே வைத்தான். "மாதேஸ்வரனுக்கு."

ஜோதிமணி விசிலடித்தாள். "எறக்கு."

"எக்கா, சாமி கல்லுக்கா."

"டூ மெனி. எறக்குடா."

"ஒத்தைக் கல்லுக்கா. சாமிக்குக் கோவம் வந்துரும்."

"சாமிக்கு நான் மலைக்கு நடந்தே வர்றேன்னு வேண்டிக்கறேன். நீ கல்லை எறக்கு."

"கழுத்தை வெச்சுட்டு எப்படி நடப்ப?"

"நடக்கறதுக்குக் கழுத்து எதுக்குடா?"

மேலிருந்து ஒடிசா இன்ஜினியர் வாக்கி டாக்கியில் என்ன தாமதம் என்று கேட்டார். டூ மெனி பிரிக்ஸ் என்றாள். எத்தனை கூடுதல் என்றார். ஒன் என்றாள். ஒன்றுதானே, அனுப்பு என்றார்.

"நோ சார். ஹண்ட்ரட் ஈஸ் இனஃப்."

வேலை நின்றது. சிமெண்டு கலக்குகிறவர்கள் நின்றார்கள். செங்கல் லாரியிலிருந்து சுமந்து வந்துகொண்டிருந்த சித்தாள்கள் நின்றார்கள். தொட்டையன் கல்லை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை. சாமி பேரில் வைத்ததை எடுக்கிற கை தன் கையாக இருக்க வேண்டாம் என்று பார்த்தான். கடைசியில் லிங்கப்பன் மேஸ்திரிதான் வந்தார். ஜோதிமணி பக்கம் பார்க்காமல் கல்லை எடுத்தார். எடுத்துவிட்டாரே தவிர எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கீழே போட்டால் அபசாரம், மறுபடி சுமையில் வைத்தால் விசில். நெஞ்சோடு பிடித்தபடி முற்றத்தைச் சுற்றிவந்து, கேட்டுப் பக்கத்தில் வேப்பங்கன்றின் அடியில் நிறுத்திவைத்தார். தட்டு மேலே போனது.

அடுத்த தட்டுக்கும் தொட்டையன் நூற்றொன்றாவதை எடுத்தான். விசிலுக்குக் காத்திராமல் தானே கேட்டுப் பக்கம் கொண்டுபோனான். மத்தியானத்துக்குள் முதல் கல்லுக்கு யாரோ மஞ்சள் பூசி விபூதி இட்டிருந்தார்கள். சாயங்காலம் பதினாலு கல் சேர்ந்தது.

பூவாத்தாள் லாரியிலிருந்து சுமையோடு வந்தாள். தலையில் பதின்மூன்று. வேப்பங்கன்றுக்கு எதிரில் வந்ததும் நின்றாள். இந்தப் பக்கம் மேஸ்திரி, அந்தப் பக்கம் ஜோதிமணி. ஒரு கையால் சுமையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உச்சிக் கல்லை எடுத்து, முழங்கால் மடக்கி உட்கார்ந்து, குவியலின்மேல் வைத்தாள்.

"என்ன பூவாத்தா?" என்றார் மேஸ்திரி.

"சாமிக்குங்," என்றாள் அவள். பன்னிரண்டோடு எழுந்து போனாள்.

அவளுக்குப் பின்னால் வந்த ஏழு பேரும் வரிசையாக அங்கே நின்று, உட்கார்ந்து, உச்சிக் கல்லை வைத்து, எழுந்து போனார்கள். கனம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.